பரிசு பெற்ற சிறுவர் நூல்கள்

எந்த நூலைப் படிப்பது என்னும் வினா மாணவர் பலரை வருத்தும் வினாவாகும். நூலகத்தில் அடுக்கடுக்காக நூல்கள் இருக்கின்றன. அவற்றின் முன் நின்று, எதை எடுப்பது, எதை விடுப்பது எனத் திகைத்து, ஒன்றையும் எடுக்காமலே வீடு திரும்பும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். இத்திகைப்பைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. அறிந்தோர் வகுத்த ஏதேனும் ஒரு வரிசையை ஏற்றுக்கொண்டு, அதனை ஒழுங்காகப் படித்து வருவதே அவ்வழி. வரிசை ஒன்று கையில் இருந்தால், அடுத்து என்ன என்ற கவலை நீங்கிவிடும். படிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

தலைமை ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் இத்தகைய ஒரு வரிசையை எனக்கென வகுத்துக்கொண்டேன். அமெரிக்க நாட்டில் சிறந்த சிறுவர் நூலுக்கென ஆண்டுதோறும் வழங்கப்பெறும் நியூபெரி பதக்கத்தைப் பெற்ற நூல்களை, 1922 ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்கி, கிடைக்கும் அளவுக்கு முறையாகப் படித்து வருவது என்பதே அவ்வரிசை. அறுபது வயதைக் கடந்தவர் பத்து வயதுச் சிறுவர்க்கு எழுதப்பெற்ற கதைகளைப் படிப்பதா என்று நண்பர் சிலர் நகைத்தனர். வாழ்நாளெல்லாம் சிறுவர்களோடு பழகிய ஓர் ஆசிரியனுக்கு இதனினும் பொருத்தமான படிப்பு வேறு இல்லை என்பதே நான் அவர்களுக்குச் சொன்ன விடை. அப்படிப்பில் நான் கண்டவற்றுள் சிலவற்றையும், நீங்களும் அத்தகைய படிப்பை மேற்கொள்ளும் முறையையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதற்கண் இப்பதக்கத்தின் வரலாற்றைக் காண்போம். ஜான் நியூபெரி என்பவர் அமெரிக்கர் அல்லர். அவர் இங்கிலாந்து நாட்டவர். 1713 இல் பிறந்து 1767 இல் மறைந்தவர். லண்டன் நகரில் புத்தக வாணிகம் நடத்தியவர். அவர் காலத்துக்கு முன்பு அந்நாட்டில் சிறுவர்க்கென அச்சான நூல்கள் பெரும்பாலும் எழுத்துக் கற்பிப்பனவாகவோ, தீமை செய்தால் நரகம் வரும் என அச்சுறுத்துவனவாகவோ இருந்தன. குழந்தைகள் மகிழ்ந்து படிப்பதற்கும் நூல் வேண்டும் என உணர்ந்து, அதனையே தம் தொழிலின் ஒரு பகுதியாக்கிக் கொண்டவர் நியூபெரி. 1744 இல் சட்டைப் பைக்குள் அடங்கும் அழகிய சிறு நூல் ஒன்றை அவர் வெளியிட்டார். நூலின் விலை ஆறு பென்னி. இன்னும் இரண்டு பென்னி சேர்த்துக் கொடுத்தால், சிறுவனுக்கு ஒரு பந்தும், சிறுமிக்கு ஊசி குத்தி வைக்கும் சிறு பஞ்சுத் திண்டும் உடன் கிடைக்கும். பந்துக்கும் திண்டுக்கும் ஒரு பக்கம் சிவப்பு; மறு பக்கம் கறுப்பு. நற்செயல் ஒன்று செய்தால் சிவப்புப் பக்கத்தில் ஓர் ஊசியும், தீச்செயல் ஒன்று செய்தால் கறுப்புப் பக்கத்தில் ஓர் ஊசியும் குத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அறம், விளையாட்டு, வாணிகம் ஆகிய மூன்றையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த கெட்டிக்காரர் அவர்!

இவர் பெயரால் ஒரு பதக்கம் நிறுவலாம் என்ற கருத்தைப் பிரெடரிக் மெல்ச்சர் என்னும் அமெரிக்கப் பதிப்புத்துறை அறிஞர் 1921 இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் முன் வைத்தார். சங்கம் அதனை ஏற்றது. 1922 இல் முதற்பதக்கம் வழங்கப்பெற்றது. சிறுவர் இலக்கியத்துக்கென்றே ஏற்பட்ட பரிசுகளுள் உலகில் இதுவே முதலாவது என்பர். முந்திய ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்ததாகவும், அந்நாட்டுக் குடிமகனோ அங்கு வாழ்பவரோ எழுதியதாகவும், பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் படிப்பதற்கு உரியதாகவும் நூல் இருத்தல் வேண்டும். நூலகர் முதலியோர் அடங்கிய குழு ஒன்று ஓராண்டுக் காலம் புது நூல்களைப் படித்து, தனியிடத்தில் கூடி, விவாதித்து, வாக்களித்து முடிவு செய்கிறது. அவ்விவாதம் வெளியே சொல்லப்படுவதில்லை.

பரிசு கொடுக்கும் பொறுப்பைப் பேராசிரியர்களிடமோ, அரசினரிடமோ விடாமல் நூலகர்களிடம் விட்டது எண்ணத்தக்கது. எந்த நூலைக் குழந்தை தானாகத் தேடி எடுக்கிறது, எந்த நூலைப் பாதியில் திருப்பித் தருகிறது, எந்த நூல் கிழியும்வரை கைமாறுகிறது என்பதை நாள்தோறும் கண்ணால் காண்பவர் நூலகரே அன்றோ? ஆயினும் அவர்களும் பெரியவர்களே. குழந்தைக்கு எது நல்லது என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்கின்றனர் என்னும் இக்குறை, எல்லாச் சிறுவர் பரிசுகளுக்கும் பொதுவானது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

அமெரிக்காவைப் பின்பற்றி மற்ற நாடுகளும் பரிசுகளை நிறுவின. இங்கிலாந்தில் 1936 இல் கார்னெகி பதக்கம் தோன்றியது. ஆயிரக்கணக்கான நூலகங்கள் கட்டுவதற்குப் பொருள் வழங்கிய ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரால் அமைந்தது அது. ஆர்தர் ரான்சம் என்பவரே அதனை முதலில் பெற்றார். 1943, 1945, 1966 ஆகிய ஆண்டுகளில் அப்பதக்கம் எவருக்கும் வழங்கப்படவில்லை. பரிசு இருக்கிறது என்பதற்காக யாருக்கேனும் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை என்ற அந்தக் கண்டிப்பு பாராட்டுதற்கு உரியது.

உலகம் முழுவதற்கும் பொதுவான பரிசு ஒன்று போரின் சாம்பலிலிருந்து பிறந்தது. ஜெல்லா லெப்மன் என்னும் யூதப் பெண்மணி, ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சென்றவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தவுடன் 1945 இல் அவர் அதே ஜெர்மனிக்குத் திரும்பினார். நகரங்கள் இடிந்து கிடந்தன, உணவுக்கே தட்டுப்பாடு. அந்நிலையில் அவர் பல நாட்டுச் சிறுவர் நூல்களைக் கேட்டு வாங்கி, 1946 இல் கண்காட்சி ஒன்று நடத்தினார். பகைவர் என்று பெரியவர்கள் கற்பித்த நாட்டினரின் கதைகளை ஜெர்மன் குழந்தைகள் கையிலெடுத்துப் படித்தனர். 1949 இல் மியூனிக் நகரில் அனைத்துலகச் சிறுவர் நூலகம் ஒன்றை அவர் நிறுவினார். 1953 இல் சிறுவர் நூல்களுக்கான அனைத்துலக அமைப்பு ஒன்று அவர் முயற்சியால் சுவிட்சர்லாந்தில் தோன்றியது. அவ்வமைப்பு 1956 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயரால் விருது வழங்கி வருகிறது. தன்னை விரட்டிய நாட்டின் குழந்தைகளுக்குப் புத்தகம் சுமந்து சென்ற அப்பெண்மணியின் செயல், சிறுவர் நூல் விளையாட்டுப் பொருளன்று என்பதற்குப் போதிய சான்றாகும்.

இனி, நான் படித்த நியூபெரி நூல்களுள் நான்கினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, 1928 இல் பதக்கம் பெற்ற நூல். இதனை எழுதியவர் நம் நாட்டவர் என்பது மாணவர் பலருக்கு வியப்பாக இருக்கும். கல்கத்தாவுக்கு அருகில் 1890 இல் பிறந்து, ஜப்பான் சென்று, 1910 இல் அமெரிக்காவை அடைந்து, அங்கே எழுத்தாளராக விளங்கிய தன் கோபால் முகர்ஜி என்பவரே அவர். நூலின் நாயகன் ஒரு புறா. ஆங்கிலத்தில் 'கே-நெக்' என வழங்கும் அப்புறாவின் இந்தியப் பெயர் சித்திரக்கிரீவன். வண்ணக் கழுத்தினன் என்பது பொருள். பஞ்சதந்திரக் கதையில் வேடன் விரித்த வலையோடு தன் கூட்டத்தைப் பறக்கச் செய்த புறாவரசனின் பெயரும் இதுவே என்பதை நினைவு கூர்வீர்கள். அப்பழங்கதையின் பெயரைத் தாங்கிய புறா, கல்கத்தாச் சிறுவன் ஒருவனால் வளர்க்கப்பெற்று, இமயத்தில் பருந்துக்கும் புயலுக்கும் தப்பி, முதல் உலகப்போரில் செய்தி சுமக்கும் பறவையாகப் பிரான்சு நாட்டுப் போர்க்களம் செல்கிறது. அங்கே குண்டுகளுக்கிடையே பறந்து பணியை முடித்துத் திரும்புகிறது. ஆனால் அதனால் மீண்டும் பறக்க முடியவில்லை. உடற்காயம் ஆறிவிட்டது, உள்ளத்தில் புகுந்த அச்சம் மட்டும் நீங்கவில்லை. அதனோடு சென்ற வேட்டைக்காரர் கோண்டின் நிலையும் அதுவே. இமயத்துப் பௌத்த மடம் ஒன்றில், அமைதியாலும் தியானத்தாலும் பறவையும் மனிதரும் நலம் பெறுகின்றனர்.

இந்நூலை வீரக்கதையாக முடித்திருக்கலாம். புறா பதக்கம் பெற்றது, ஊர் கொண்டாடியது என்று எழுதியிருந்தால் சிறுவர்கள் கைதட்டியிருப்பர். முகர்ஜி அவ்வாறு செய்யவில்லை. அஞ்சுவதில் இழிவில்லை; அச்சத்துக்கும் மருந்துண்டு; அம்மருந்து வேலை செய்யக் காலம் வேண்டும் என்பதைச் சொல்லவே அவர் கதையை நீட்டினார். தேர்வு மண்டபத்தில் கை நடுங்கும் மாணவனுக்கு இச்செய்தி எவ்வளவு தேவை என்பதை ஆசிரியர் அறிவர்.

இரண்டாவது, 1961 இல் பதக்கம் பெற்ற 'நீல டால்பின்களின் தீவு' என்னும் நூல். ஆசிரியர் ஸ்காட் ஓடெல். கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் சான் நிக்கோலஸ் என்னும் சிறு தீவு இருக்கிறது. 1835 இல் அத்தீவின் மக்கள் கப்பலேற்றிக் கொண்டு செல்லப்பட்டபோது, ஒரு பெண் மட்டும் பின்தங்கிவிட்டாள். 1853 இல்தான் அவளைக் கண்டுபிடித்து வெளியே அழைத்து வந்தனர். பதினெட்டு ஆண்டுகள் அவள் தனியே வாழ்ந்திருந்தாள்! வந்த இடத்தில் அவள் மொழியை முற்றும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. சில வாரங்களில் அவள் இறந்தும் போனாள். வரலாறு நமக்கு விட்டுச் சென்றது இவ்வளவே. அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பி, கரானா என்னும் சிறுமியின் கதையாக ஆக்கினார் ஓடெல்.

கரானாவின் தம்பியைத் தீவிலுள்ள காட்டு நாய்கள் கொன்றுவிடுகின்றன. அவள் அந்நாய்களைப் பழிவாங்கச் சூளுரைக்கிறாள். பெண்கள் ஆயுதம் செய்தல் ஆகாது என்பது அவள் குலத்து வழக்கம். செய்தால் கேடு விளையும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அஞ்சி அஞ்சித்தான் வில்லைச் செய்கிறாள். கேடு ஒன்றும் வரவில்லை. நாய்க்கூட்டத்தின் தலைவனை அம்பால் வீழ்த்தியும் விடுகிறாள். அது காயத்தோடு கிடப்பதைக் கண்டு, மறுபடியும் வில்லை வளைக்கிறாள். ஆனால் அம்பை விடவில்லை. அதனைத் தூக்கி வந்து காப்பாற்றுகிறாள். பின்னர் அவளுடைய தனிமைக்குத் துணையாவது அந்நாயே. ஏன் அம்பை விடவில்லை என்பதற்கு ஆசிரியர் விளக்கம் கூறவில்லை. நீதி இதுவென்று கடைசியில் எழுதி ஒட்டவும் இல்லை. விளக்காமல் விட்டதனால்தான் அக்காட்சி நம் நெஞ்சில் நிற்கிறது. நாம் கதை சொல்லும்போது, முடிந்தவுடனே 'இதனால் நீ என்ன அறிகிறாய்?' என்று குழந்தையை வினவும் வழக்கமுடையோம். சில வேளைகளில் அவ்வினாவை ஒரு நாளேனும் தள்ளிப்போடுவது நன்று.

மூன்றாவது, மில்ட்ரெட் டெய்லர் என்னும் கறுப்பின எழுத்தாளருக்கு 1977 இல் பதக்கம் பெற்றுத் தந்த நூல். 'இடியே முழங்கு, என் குரலைக் கேள்' எனத் தமிழில் சொல்லலாம். தம் தந்தையார் சொல்லக் கேட்ட குடும்பக் கதைகளைக் கொண்டு அவர் இதனை எழுதினார். கதை நிகழும் இடம் மிசிசிப்பி மாநிலம், ஆண்டு 1933. வெள்ளையர் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பர் குழந்தைகளுக்கு வேறொரு பள்ளி. பள்ளி தொடங்கும் நாளில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடநூல் வழங்கப்படுகிறது. தூய்மையில் பேரார்வம் உடைய ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தனக்கு வந்த நூலைத் திறக்கிறான். அழுக்கும் கிழிசலுமாக இருக்கிறது. உள்ளட்டையில் ஓர் அட்டவணை. அந்நூல் எந்த ஆண்டில், எந்த நிலையில், எந்த இனத்து மாணவனுக்கு வழங்கப்பெற்றது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக இருந்தபோது வெள்ளை மாணவன். பல ஆண்டுகள் வெள்ளை மாணவரிடமே கைமாறி, நைந்து, எதற்கும் உதவாத நிலையை அடைந்தபின் கறுப்பு மாணவன். அதிலும் அவன் இனத்தைக் குறிக்க எழுதியிருப்பது இழிசொல். ஆறு வயதுக் குழந்தை அதனை எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொள்கிறான். நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான்.

ஆசிரியையோ, தருவதைப் பெற்றுக்கொள்ளக் கற்கவேண்டும் என்னும் கொள்கையுடையவர், சிறுவனை அடிக்கிறார். அவன் தாயும் அதே பள்ளியில் ஆசிரியை. அவர் என்ன செய்கிறார்? ஒன்றும் பேசாமல், தாளைக் கத்தரித்து, பசை தடவி, அந்த அட்டவணையை மூடி ஒட்டுகிறார். தம் வகுப்பு நூல்களுக்கும் அவ்வாறே செய்கிறார். பின்னொரு நாள், பாடநூலில் இல்லாத அடிமை முறையின் வரலாற்றை மாணவர்க்குச் சொன்னார் என்ற காரணத்தால் வேலையையும் இழக்கிறார்.

மாணவர்களே, நான் பல்லாண்டுகள் பள்ளிகளில் நூல்கள் வழங்கியவன். பழைய நூலை வாங்கிப் படிப்பதில் தாழ்வு இல்லை. அண்ணன் படித்த நூலைத் தம்பி படிப்பது நம் நாட்டில் வழக்கமே. தாழ்வு நூலின் பழமையில் இல்லை. இந்தப் பிள்ளைக்கு இது போதும் என்று யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து முடிவு செய்கிறாரே, அந்த முடிவில் இருக்கிறது. இதனை ஓர் உரைநடை நூல் நூறு பக்கங்களில் விளக்கலாம். டெய்லர் ஓர் அட்டவணையையும் ஒரு சிறுவனின் காலடியையும் கொண்டு விளக்கிவிட்டார்.

நான்காவது, கேத்தரின் பேட்டர்சன் எழுதி 1978 இல் பதக்கம் பெற்ற 'டெரபித்தியாவுக்குப் பாலம்' என்னும் நூல். ஏழைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனும், புதிதாக ஊருக்கு வந்த சிறுமி ஒருத்தியும் நண்பர்களாகின்றனர். ஓடைக்கு அப்பால் உள்ள காட்டில், தம் கற்பனையால் ஓர் அரசு அமைத்து விளையாடுகின்றனர். கயிற்றைப் பற்றி ஊசலாடியே ஓடையைக் கடக்க வேண்டும். ஒருநாள், அவன் வெளியூர் சென்றிருந்தபோது, கயிறு அறுந்து அச்சிறுமி இறந்துவிடுகிறாள். பேட்டர்சனின் இளைய மகனுடைய தோழி மின்னல் தாக்கி இறந்தாள்; அம்மகனின் துயரத்தைக் கண்ட தாய் எழுதியதே இந்நூல்.

இதில் சிறுவன் உடனே அழுவதில்லை. செய்தியை நம்ப மறுக்கிறான், கோபம் கொள்கிறான். தன்னை விட்டுப் போனாளே என்று அவள்மேலேயே சினம் கொள்கிறான். இவை வருந்துவோர் உள்ளத்தில் இயல்பாக எழுபவை. சிறுவர்க்குச் சாவைக் காட்டலாமா எனக் கேட்டு இந்நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கவேண்டும் எனப் போராடியவர்கள் உண்டு. அவர்கள் கவலையை நான் எள்ளமாட்டேன். குழந்தையைத் துன்பத்திலிருந்து காக்க விரும்பாதார் யார்? ஆனால் சாவு, பெரியவர்களின் இசைவு கேட்டு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. ஒரு மாணவன் இறந்தால் பள்ளியில் என்ன செய்கிறோம்? இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம், விடுமுறை விடுகிறோம். மறுநாள் மணி அடிக்கிறது, பாடம் தொடங்குகிறது. அவன் அருகில் அமர்ந்திருந்த பிள்ளை, காலியாக உள்ள அவ்விடத்தை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பிள்ளையிடம் பேச நம்மிடம் பாடத்திட்டம் இல்லை. இத்தகைய ஒரு நூல் இருக்கிறது. உனக்கு முன்பே ஒருவன் இதனை நினைத்தான், இவ்வாறே சினந்தான், பிறகு எழுந்து நடந்தான் என்று அந்நூல் சொல்கிறது. கதையின் முடிவில் அச்சிறுவன் ஓடைமேல் ஒரு பாலம் கட்டித் தன் தங்கையை அழைத்துச் செல்கிறான்.

இவ்வளவும் கேட்டபின், பரிசு பெற்றன எல்லாம் சிறந்தன, பெறாதன எல்லாம் தாழ்ந்தன என்று எண்ணிவிடாதீர்கள். 1953 ஆம் ஆண்டுப் பதக்கம் 'ஆண்டீஸின் இரகசியம்' என்னும் நூலுக்குச் சென்றது. அதே ஆண்டில் இரண்டாம் நிலைச் சிறப்போடு நின்றது, ஈ. பி. ஒயிட் எழுதிய 'சார்லட்டின் வலை'. பன்றிக்குட்டி ஒன்றின் உயிரைக் காக்க ஒரு சிலந்தி தன் வலையில் சொற்களைப் பின்னும் கதை அது. இன்று உலகெங்கும் குழந்தைகள் படிப்பது சிலந்தியின் கதையையே. பதக்கம் பெற்ற நூலை அறிந்தோர் சிலரே. குழு தவறியது என்று நான் சொல்லமாட்டேன். ஓராண்டுக்குள் தீர்ப்பளிப்பது குழுவின் கடமை. காலமோ அவசரப்படாத நீதிபதி.

வேறொரு செய்தியும் உண்டு. 1923 இல் பதக்கம் பெற்ற டாக்டர் டூலிட்டில் கதையின் ஆசிரியர் ஹியூ லாஃப்டிங், முதல் உலகப்போரின் பதுங்கு குழிகளிலிருந்து தம் மக்களுக்கு எழுதிய கடிதங்களில் அக்கதை மாந்தரைப் படைத்தவர். விலங்குகளிடம் அவர் காட்டும் அன்பு உயர்ந்தது. ஆனால் ஆப்பிரிக்க இளவரசன் ஒருவனை நகைப்புக்கு இடமாக்கி எழுதிய பகுதிகள் இன்று படிப்போர்க்கு வருத்தம் தருவன. பிற்காலப் பதிப்புகளில் அவற்றுட் பலவற்றை மாற்றியும் நீக்கியும் வெளியிட்டனர். 1922 இல் முதற்பதக்கம் பெற்ற வான் லூனின் 'மனித குலத்தின் கதை' சுவை மிக்க வரலாற்று நூலே. எனினும், அதில் ஐரோப்பாவுக்குக் கிடைத்த பக்கங்களோடு ஒப்பிட்டால் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. மனித குலம் என்று தலைப்பிட்டவர் கண்ணுக்கும் ஒரு திசையே பெரிதாகத் தெரிந்தது. வரிசையாகப் படிப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஒரு சமுதாயம் தன் குழந்தைகளுக்கு எதனை நல்லது என்று நீட்டியது, எந்த ஆண்டில் யாருடைய குரலைக் கேட்கத் தொடங்கியது என்பவை கண்முன் தெரிகின்றன. முதற்பதக்கம் வழங்கி ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆன பிறகே, 1975 இல், வர்ஜினியா ஹாமில்டன் என்னும் கறுப்பின எழுத்தாளருக்கு அது முதன்முறையாகக் கிடைத்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின்னரே டெய்லரின் நூல்.

இனி, நீங்கள் செய்யத்தக்கது யாது? கல்லூரி மாணவர்களுக்கு முதலில் சொல்கிறேன். ஆங்கில நூலைக் கண்டு அஞ்சுவோர் உங்களுள் பலர். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர்க்கென எழுதப்பெற்ற இந்நூல்களில் வாக்கியங்கள் தெளிவானவை. கருத்துகளோ சிறுபிள்ளைத்தனமானவை அல்ல. ஒரு நூல் இருநூறு பக்கம் எனக் கொள்வோம். நாள்தோறும் இருபது பக்கம் படித்தால் பத்து நாளில் ஒரு நூல் முடியும். நூறு நாளில் பத்து நூல்கள். ஆண்டில் மீதமுள்ள நாட்களைத் தேர்வுக்கும் திருவிழாவுக்கும் தாராளமாக விட்டுவிடலாம். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டாதீர்கள்; அவ்வாறு செய்தால் கதை ஓடாது. இயலுக்கு ஐந்து சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, படித்து முடித்தபின் பொருள் காணுங்கள்.

ஒவ்வொரு நூலையும் முடித்தவுடன் குறிப்பேட்டில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள். இந்நூல் எந்த உண்மையை மறைக்காமல் சொல்கிறது? யாருடைய பக்கத்தை இது சொல்லாமல் விட்டது? இதனை நான் எந்தக் குழந்தையின் கையில் கொடுப்பேன்? மூன்றாவது வினாவே முதன்மையானது. குழந்தை என்று பொதுவாக எழுதாமல், உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தையின் பெயரையே எழுதுங்கள். அப்பெயரை எழுத முடியாத நூல், எத்தனை பதக்கம் பெற்றதாயினும், உங்களைப் பொறுத்தவரை முடிவு சொல்லப்படாத நூலே. பெரியவர்கள் குழந்தைகளுக்காகத் தேர்ந்தெடுக்கும் குறை என்று முன்பு சொன்னேனே, அக்குறையை நீக்கும் வழி இதுவே: குழு நீட்டும் நூலை நீங்கள் வாங்கிப் படித்து, ஒரு குழந்தையிடம் கொடுத்து, அது படிக்கிறதா எனப் பார்த்தல்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு இதே வேலையைத் தமிழிலேயே தொடங்கலாம். நம் நாட்டில் சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் என்னும் விருதைத் தமிழ் உள்ளிட்ட இருபத்து நான்கு மொழிகளின் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கி வருகிறது. தமிழில் முதல் விருது, 2010 இல், மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' என்னும் நூலுக்குக் கிடைத்தது. 2020 இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' அவ்விருதைப் பெற்றது. வரிசை இன்னும் குறுகியதே. ஆகவே இன்று தொடங்கும் மாணவன் அதனை முழுவதும் படித்து முடிக்கலாம். படித்தபின் பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். விருதுக் குழுவில் உங்கள் வயதினர் இல்லை. உங்கள் தீர்ப்பை நீங்கள்தான் எழுதவேண்டும்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் உங்கள் பள்ளி நூலகத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ சென்று, இன்று நான் சொன்னவற்றுள் ஒரு நூலையேனும் கேளுங்கள். இல்லையென்றால், வாங்கி வைக்குமாறு நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு மாணவன் கேட்டான் என்பதைக் காட்டிலும் வலிமையான பரிந்துரை நூலகருக்கு வேறு இல்லை.